ஒன்றுமில்லாதவனுக்கு ஒரு கார்

கார் வாங்கக் கடன் கேட்டவன் செத்துப்போய்விட்டான் என்று, கடன் கொடுக்கலாமா வேண்டாமா என யோசித்துக்கொண்டிருந்தவர்களிடம் நானே என் வாயால் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வந்தது சிரிப்பு இல்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது, அட்டையில் இருக்கிற நம்பரைச் சொல்லுங்கள் என்று செல்போனில் கூப்பிடுகிற திருடர்களை வைத்து விளையாடுவது. ஒருவனுக்கு நம்பர் சொல்வதாகச் சொல்லி எங்கள் ஊருக்குப் பஸ் வந்து போகிற நேரங்களை வரிசையாக ஒப்பித்தேன். பாவம், கடைசிப் பஸ் வரைக்கும் எழுதிக்கொண்டான். அதனால் ஒரு காலையில் மரவள்ளிக் காட்டில் நின்றிருந்தபோது ஒரு பெண் குரல் என் பெயரை இனிஷியலோடு சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டதும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. தொண்டையைக் கம்மவைத்துக்கொண்டு, "அவரு போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சுங்க. நான் தம்பி பேசறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். "வருத்தமா இருக்குதுங்க சார். ஆனா போன வாரம்தான் கார் லோனுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாரு."

எனக்குத் தம்பியே கிடையாது. மரவள்ளிப் பாத்தியிலேயே உட்கார்ந்து, நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டேன்.

கார் எனக்காக இல்லை. என் மனைவிக்காக. அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. எங்கள் மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்; முதல் பத்துக்குள்ளேயே அவள் தலை என் தோளில் விழுந்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, கண் இறுக்க மூடியிருக்கும். கீழே போய் இறங்கினால் பாதி நாள் படுக்க வேண்டும். எங்கள் பெண் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் அம்மா பார்க்க வருகிறாள் என்றால் பெண்தான் அம்மாவுக்குத் துணைக்கு நிற்க வேண்டியிருந்தது. பார்க்கும் நேரம் முழுக்க ஹாஸ்டல் வாசல் பெஞ்சில் இவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள், பெண் விசிறிக்கொண்டிருப்பாள். நேரம் முடிந்தது என்று வார்டன் சொல்கிறபோதுதான் எழுந்து உட்காருவாள்.

அந்தப் பெண்ணைக் கீழேயே கட்டிக்கொடுத்தோம். மருமகனுக்கு லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வேலை. அவள் முழுகாமல் இருந்தாள். வளைவு ஏறி மேலே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இவள்தான் போய்ப் போய் வர வேண்டும். ஜீப்பின் முன்சீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை என்பதை ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கண்டுபிடித்திருந்தோம். ஆகவே ஒரு கார் வேண்டும், பழையதானாலும் சரி. தை பிறப்பதற்குள் வேண்டும்.

செத்தவன் மறுநாளே பஸ் ஏறி நாமக்கல் போனேன். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த, பழைய கார் விற்கிற இடத்துக்கு மேல்மாடியில் அந்த பைனான்ஸ் ஆபீஸ். போனில் பேசிய பெண் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். தம்பிங்களா என்றாள். இல்லீங்க, செத்தவரேதான் என்றேன். அவள் சிரித்தாள், மேனேஜர் சிரிக்கவில்லை. இதற்கெல்லாம் சிரித்தால் அவர் எப்படி மேனேஜராக இருக்க முடியும்.

அவர் நிதானமாகத்தான் விளக்கினார். அவர்களுக்கு உள்ள கேள்வி ஒன்றே ஒன்று: நாளைக்கு இவன் கட்டாவிட்டால் என்ன செய்வது. மாதா மாதம் என்ன வருகிறது, இதற்கு முன் வாங்கிய கடனை எப்படிக் கட்டினான், ஒரே இடத்தில் எத்தனை காலமாக இருக்கிறான், கைப்பணம் எவ்வளவு போடுகிறான், வண்டியைப் பிடுங்கி விற்றால் என்ன தேறும், எல்லாம் அந்த ஒரே கேள்வியின் பேரப்பிள்ளைகள். நான் நெஞ்சை நிமிர்த்தி, பிறந்ததிலிருந்து எவனிடமும் கடன் வாங்கியதில்லை என்றேன். அவர் முகம் சுருங்கியது. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவனை நம்பலாம், கட்டாதவனை ஒதுக்கலாம், வாங்கவே வாங்காதவனை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாதாம். கம்ப்யூட்டரில் என்னைப் போட்டுப் பார்த்தால் ஆளே இல்லை என்று வருகிறது என்றார். போனில் நான் சொன்னதும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்போம், அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு என்றார்.

இங்கேதான் சிக்கல். ஏனென்று சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஊரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த தேவனூர் நாட்டில் மட்டுமில்லை, மலை முழுக்கவே, கொடியில் மிளகு நிற்கும்போது அது நன்றாக இருக்கிறது என்று எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் கண் பட்டுவிடும். வாடல் நோய் வந்து கொடி நின்ற நிலையில் கருகிவிடும். அதனால் யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், பதில் ஒன்றுதான்: ஒண்ணுமில்லீங்க. பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி, வியாபாரியின் தராசில் ஏற்றின பிறகு வேண்டுமானால், ஏதோ பரவாயில்லீங்க என்பான். ஒருவன் வாயைத் திறந்து நல்லா இருக்குதுங்க என்றால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். அடுத்தவன் காட்டைப் பற்றிப் பேசுவதென்றால் இன்னும் ஜாக்கிரதை. பங்காளி மேல் பாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு அவனை ஏழையாக்கிச் சொல்வோம்.

வருமானம் என்ன என்று விசாரிக்க ஆள் வருகிறது. வருவதோ மார்கழியில். மிளகு கொடி கொள்ளாமல் நிற்கிறது.

நான் ஒத்திகை பார்த்தேன். காலையில் பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, நல்லா இருக்குதுங்க சார், இந்த வருசம் மிளகு நல்லா இருக்குதுங்க சார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் மனைவி நின்றிருந்தது தெரியாது. உப்பும் மிளகாயும் எடுத்துவந்து என்னைச் சுற்றி, அப்படியே வெளியே போய் வேலியோரக் கொடிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி, அடுப்பில் போட்டாள். நெடியே வரவில்லை. பார்த்தீங்களா, அவ்வளவு கண்ணு என்றாள். என் ஒத்திகை அத்தோடு முடிந்தது. பக்கத்துக் காட்டுப் பங்காளி அண்ணனிடம் மட்டும் போய், ஆள் வருவான், என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லு என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அதெல்லாம் நான் பாத்துக்கறேன் போடா என்றார்.

விசாரிக்கிற ஆள் பஸ்ஸில் வந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, முகம் வாழைப்பூ உள்மடல் மாதிரி வெளுத்திருந்தது. இறங்கியதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் கும்பிட்டு வரவேற்கப் போனேன். என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரைக் குடிக்கவைத்தாள், உப்பு நாரத்தங்காய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னாள்.

"எத்தனாவது வளைவுல கண்ணு?"

"இருபதுக்கு மேல எண்ணலைங்கம்மா."

"பரவால்ல. நானெல்லாம் எட்டுலயே எண்றத உட்ருவேன்."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் ஒரே நோய்க்கு ஒரே டாக்டரைப் பார்க்கிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டு வந்தார்கள். எந்த சீட் நல்லது, டயர் மேல் உட்காரக் கூடாது, வெறும் வயிறு ஆகாது. நான் பின்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடன் கேட்கிறவனுக்கு அந்த இடம் பொருத்தம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போனை எடுத்துக் கேள்விகளை ஆரம்பித்தார். இந்த வீட்டில் எத்தனை காலம் என்றார், பிறந்ததிலிருந்து என்றேன், அதில் அவருக்குத் திருப்தி. மாதம் எவ்வளவு வரும் என்றார். மிளகு வருசத்துக்கு ஒரு தடவை, மரவள்ளியும் ஒரு தடவை, அன்னாசி வந்தால் வந்தது, மாதத்துக்கென்று ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் அவர் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். கேட்டைப் பூட்டினால் எவனும் தொட முடியாத இடம் என்று பெருமையாகக் காட்டினேன். காட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் கட்டாமல் போனால் வண்டியை எடுக்க வருகிறவனும் தொட முடியாதே. உடனே, கேட்டை நாங்க பூட்டறதே இல்லீங்க சார், தள்ளுனா தெறந்துக்கும் என்றேன். அப்ப திருட்டுப் போயிருமேங்க என்றார். இங்கெல்லாம் திருட்டே கெடையாதுங்க என்றேன். பிறகு ஏன் பூட்டு தொங்குகிறது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பிறகு மிளகுக் காட்டுக்குப் போனோம். சில்வர் ஓக் மரங்களில் அடி தெரியாமல் கொடி ஏறி, பச்சைச் சரங்கள் ஆள் தலையில் இடிக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் தரைக்காட்டுக்காரர், கீழே சமவெளி ஆள். அதைப் பார்த்தால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

"எப்படிங்க இந்த வருசம் மிளகு?"

நான் வாயைத் திறந்தேன். நல்லா என்ற சொல் நாக்கின் நடுவரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஒரு சரம் காற்றில் ஆடி என் நெற்றியில் மோதியது. அதன் காதில் விழுமே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், பட்டப்பகலில், பன்னிரண்டாவது பாஸ் பண்ணியவன்.

"ஒண்ணுமில்லீங்க. போன வருசத்துல பாதிகூடத் தேறாது."

அவர் அதைப் போனில் பதிந்துகொண்டார்.

அண்ணன் என்னைக் காப்பாற்றுவார் என்று நம்பி டீக்கடைக்கு அழைத்துப் போனேன். அவர் அங்கே வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆள் எப்படி என்று விசாரிக்க வந்தவர் கேட்டதும், தங்கமான மனுசனுங்க, ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டான் என்றார். எனக்கு உயிர் வந்தது. வருமானம் எப்படிங்க என்று அடுத்த கேள்வி.

"அவனுக்கு என்னங்க இருக்குது, பாவம். ஏதோ கஞ்சி குடிக்கறான்."

சொல்லிவிட்டு, எப்படி என்பது போல என்னைப் பார்த்தார். டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? கொடியெல்லாம் போன மழைக்கே அழுகிவிட்டது என்றார். பஸ்ஸுக்கு நின்றிருந்த இன்னொருவர், கிழங்கையும் பன்றி தோண்டிவிட்டது என்று சேர்த்தார். இத்தனை பேர் என் மேல் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொருவராக என்னைக் குழியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கே என்மேல் இரக்கமாகி, இந்த ஆளுக்கு யாராவது ஏதாவது கொடுத்தால் தேவலை என்று தோன்றியது.

விசாரிக்க வந்தவர் போனை மூடிவிட்டார். கஷ்டம்தானுங்க ஐயா என்றார். வருமானம் இல்லை என்று நானே சொல்கிறேன், ஊரும் சொல்கிறது, அவர் வேறென்ன எழுதுவார்? ஜாமீன் போட யாராவது இருந்தால் மேலே பேசிப் பார்க்கலாம் என்றார், பேச்சுக்காக.

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நான் போடறேன் சாமி. எங்க கையெழுத்துப் போடோணும்?"

"ஏனுங்க, இப்பத்தான் அவருகிட்ட ஒண்ணுமே இல்லைன்னீங்க?"

"இல்லாதவனுக்குத்தானுங்க ஜாமீன் வேணும். இருக்கறவனுக்கு எதுக்குங்க?"

விசாரிக்க வந்தவர் மூடிய போனை மறுபடியும் திறந்தார். கொஞ்சம் யோசித்து, சரி, உங்களுக்கு மிளகு எப்படி என்று அண்ணனைக் கேட்டார்.

"எனக்கா? எனக்கு அவனைவிட மோசமுங்க."

அந்த மனிதர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வந்த மயக்கம் திரும்பிவிட்டதோ என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் என் மனைவி வந்தாள், அவர் திரும்பிப் போகும் வழிக்கு நாரத்தங்காய் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு. அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"மிளகு நல்லா இருக்குதுங்க தம்பி" என்றாள். "எங்களுதும் நல்லா இருக்குது. அவருதும் நல்லா இருக்குது. வந்து படம் புடிச்சுக்கங்க. எம்மக மாசமா இருக்கறா, நான் போய்ப் பாக்கோணும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மூச்சில் இரண்டு காட்டையும் சொல்லிவிட்டாளே. உப்பும் மிளகாயும் சுற்றி இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள், காட்டைப் பார்த்து.

அவர் படம் பிடித்தார், எங்கள் கொடிகளையும் அண்ணன் கொடிகளையும். அண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் வருசா வருசம் பயிர்க்கடன் வாங்கி வருசா வருசம் கட்டுகிறவர் என்பதும் அப்போதுதான் பேச்சில் வெளியே வந்தது. கடன்காரன் என்று இருபது வருசமாக நான் அவரைக் கேலி செய்திருக்கிறேன். விசாரிக்க வந்தவருக்கு முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டரில் தட்டினால் ஆள் இருப்பார் என்று சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார். கைப்பணம் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்வார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்க என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார், டயர் மேல் இல்லாத சீட்டாகப் பார்த்து.

அதற்குப் பிறகு கடன் வருமா என்பதைவிடக் கொடி கருகுமா என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. விடிந்ததும் மரம் மரமாகப் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எந்த வருசமும் போகிற மாதிரி நாலைந்து கொடி போனது. அண்ணன் அவற்றைக் காட்டி, பாத்தியா உம்பொண்டாட்டி பண்ணுன வேலையை என்றார். ஜாமீன் கையெழுத்துப் போட என்னோடு பஸ்ஸில் நாமக்கல் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கடன் அடைந்து சில வருசமாகிறது. காரின் வெள்ளை மங்கிவிட்டது. இப்போதெல்லாம் வாரம் ஒரு தடவை செல்போனில் செய்தி வருகிறது: உங்களுக்குக் கடன் தயாராக இருக்கிறது, விரலை வைத்தால் போதும் என்று. யாரும் மலை ஏறி வர வேண்டாம், டீக்கடையில் யாரையும் கேட்க வேண்டாம். எனக்கு ஏக்கமாக இருக்கிறது. என்னை அவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னும் யாரும் சந்தேகப்பட்டதில்லை, பின்னும் இல்லை. நான் பிறந்த வீட்டை, தூங்குகிற அறையை, தொங்குகிற பூட்டை, என் காட்டை, என் சொந்தங்களை ஒரு மனிதர் குமட்டலோடு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார். இந்தச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கார் அந்த வருசம் தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பொங்கல் கழிந்த மறுநாள் காலை அவளை முன்சீட்டில் உட்காரவைத்து இறங்கினேன். மச்சானுடைய ஜீப்பில் பலாப்பழ லோடு ஏற்றி அந்த ரோட்டில் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். பலாப்பழம் வாந்தி எடுக்காது. இவள் பக்கத்தில் இருக்கிறாள் என்றதும் என் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைப் பாருங்க என்றாள். பத்து போனது, இருபது போனது. முப்பதாவதை ஒட்டி அவள் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் இவ்வளவு மூங்கிலாங்க?"

பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் போய் வந்தவள், கண்ணைத் திறந்து அதைப் பார்த்தது அன்றுதான். அங்கே குரங்கு, இங்கே பள்ளம், அந்தா தெரியுது பாருங்க ஏரி என்று சின்னப் பிள்ளை மாதிரி காட்டிக்கொண்டு வந்தாள். பாதி மலை தாண்டியதும் என்னால் முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, பயத்தில் நான் வாந்தி எடுத்தேன். அவள் இறங்கி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கி, எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்தாள்.

நாமக்கல்லில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றோம். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளே பாய் விரித்துத் தலையணை போட்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. கையில் ஒரு சொம்புத் தண்ணீர், அம்மா முகம் கழுவிப் படுத்துக்கொள்வதற்கு. என் மனைவி தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள். தலையில் வைத்த கனகாம்பரம் கலையவில்லை. சொம்பை வாங்கிக் கொஞ்சம் குடித்தாள், மீதியில் காலைக் கழுவினாள், பெண் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன கண்ணு, ஒழுங்கா சோறு திங்கறதில்லையா?"

கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குள் போனாள். விரித்த பாயில் நான் படுத்துக்கொண்டேன்.